ஆங்கில ஆய்வுக்கட்டுரையின் சுருக்கம்: முடிவை அங்கேயே சொல்லிவிடலாமா?

கேள்வி (முனைவர் பட்ட ஆய்வு மாணவி)

வணக்கம். நான் குடிநீர்ச் சுத்திகரிப்பு தொடர்பாக முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய என் முதல் ஆய்வுக்கட்டுரையை ஆய்விதழ் ஒன்று மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பாமலேயே திருப்பிவிட்டது. இதழாசிரியரின் மடல் மிகச் சிறியது: கட்டுரை எதைக் கண்டறிந்தது என்பது அதன் சுருக்கத்திலிருந்து தமக்கு விளங்கவில்லை என்றும், மதிப்பீட்டாளர்களுக்கும் அது விளங்கப்போவதில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். சோதனைகளைப் பற்றியோ தரவுகளைப் பற்றியோ அதில் ஒரு சொல்கூட இல்லை. மூன்று ஆண்டுகள் செய்த வேலை இருநூறு சொற்களில் தடுக்கி நின்றுவிட்டதே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் அவர் சொன்னது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் எழுதிய சுருக்கத்தின் பொருளைத் தமிழில் தருகிறேன். கட்டுரை இன்னும் வெளிவராததால் ஆய்வுப் பொருளையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன். கீழே வரும் அளவுகளை எடுத்துக்காட்டாக மட்டும் கொள்ளுங்கள்.

"நீர் உயிர்வாழ்வின் அடிப்படை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்திருப்பது உலகின் பல பகுதிகளில் கடுமையான சிக்கலாக உருவெடுத்துள்ளது. அதை அகற்றப் பல முறைகள் கையாளப்பட்டு வந்துள்ளன. அவற்றுள் பரப்புக் கவர்தல் (மாசை ஒரு பொருளின் மேற்பரப்பில் ஒட்டவைத்து அகற்றுவது) எளிமையானதும் சிக்கனமானதும் ஆகும். இவ்வாய்வில், லாந்தனம் என்ற உலோகம் ஏற்றப்பட்ட, புதுமையான, மலிவான கரி ஒன்று தேங்காய்ச் சிரட்டையிலிருந்து தயாரிக்கப்பட்டது. அதன் பண்புகள் எஸ்இஎம், எக்ஸ்ஆர்டி, எஃப்டிஐஆர் ஆகிய ஆய்வகக் கருவி முறைகளால் ஆராயப்பட்டன. பிஎச் மதிப்பு, கரியின் அளவு, தொடுநேரம் ஆகியவற்றின் விளைவுகள் ஆராயப்பட்டன. முடிவுகள் விரிவாக விவாதிக்கப்பட்டுள்ளன. இக்கரி ஃபுளோரைடை அகற்றப் பயன்படக்கூடும் என்று முடிவு செய்யப்பட்டது."

எனக்கு இருக்கும் ஐயங்கள் இவை. கட்டுரையின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஏதேனும் ஒன்றைச் சுருக்கத்தில் எடுத்துவைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தரப்பட்டது. நான் அப்படித்தான் செய்தேன். முடிவை எண்களோடு சுருக்கத்திலேயே சொல்லிவிட்டால் கட்டுரையைத் திறந்து படிக்க எவருக்கும் காரணம் இராதே என்ற அச்சமும் எனக்கு இருந்தது. மேலும், முதலில் தமிழில் எழுதிவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றும் பழக்கம் என்னிடம் உண்டு. அந்தப் பழக்கமே சிக்கலுக்குக் காரணமா என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன்.


மறுமொழி 1 (வேதிப்பொறியியல் ஆய்வாளர்)

வணக்கம். சில ஆய்விதழ்களுக்கு மதிப்பீட்டாளராக இருப்பவன் என்ற முறையில், மறுபக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு உங்கள் சுருக்கம் எப்படித் தெரியும் என்பதை முதலில் சொல்கிறேன். ஒரு கட்டுரையை மதிப்பிட இயலுமா என்று கேட்டு எங்களுக்கு வரும் மடலில் பொதுவாகத் தலைப்பும் சுருக்கமும் மட்டுமே இருக்கும். முழுக் கட்டுரையும் நாங்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் கைக்கு வரும். இது நம் துறைக்குள் அடங்குமா, இரண்டு நாள்களை இதற்கு ஒதுக்கலாமா என்று அந்தச் சில வரிகளைக் கொண்டே முடிவெடுக்கிறோம். ஆகவே இதழாசிரியர் சொன்னது கடுமையான தீர்ப்பன்று. அது நடைமுறையில் அவருக்கு இருக்கும் உண்மையான இடர்ப்பாடு.

இப்போது உங்கள் சுருக்கத்தை வாக்கியம் வாக்கியமாகப் பார்ப்போம். அதில் ஒன்பது வாக்கியங்கள் இருக்கின்றன. முதல் நான்கும் உங்கள் ஆய்வு நடவாமலே போயிருந்தாலும் உண்மையாக இருந்திருக்கும். அடுத்த மூன்றும் நீங்கள் செய்த வேலைகளின் பட்டியல். எட்டாவது வாக்கியம், கட்டுரைக்குள் முடிவுகள் இருக்கின்றன என்பதை மட்டும் தெரிவிக்கிறது. ஒன்பதாவது வாக்கியத்தை ஒரு சோதனையும் செய்யாதவர்கூட எழுதிவிட முடியும், ஏனெனில் "பயன்படக்கூடும்" என்பது எந்தக் கரிக்கும் பொருந்தும். உங்கள் பெயரையும் லாந்தனத்தையும் நீக்கிவிட்டால், இந்தச் சுருக்கத்தை இதே துறையின் வேறு பல கட்டுரைகளுக்கும் அப்படியே ஒட்டிவிடலாம். எந்த வாக்கியத்தை வேறொருவரின் கட்டுரைக்குப் பெயர்த்து ஒட்ட முடியாதோ, அதுவே உங்கள் சுருக்கத்துக்கு உரிய வாக்கியம். இப்போதைய வரைவில் அப்படி ஒன்றுகூட இல்லை.

சுருக்கங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கட்டுரையில் எவை எவை பேசப்படுகின்றன என்று சுட்டிக்காட்டுவது. மற்றொன்று, கட்டுரை கண்டதை நேரடியாக அறிவிப்பது. ஒரு துறையின் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பேசும் மீள்பார்வைக் கட்டுரைக்கு முதல் வகை ஓரளவு பொருந்தலாம். சோதனை செய்து தரவு பெற்ற கட்டுரைக்கு இரண்டாம் வகைதான் வேண்டும். "ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஏதேனும் ஒன்று" என்ற அறிவுரையைக் கேட்டவர்கள் பலரும் தம்மை அறியாமலேயே முதல் வகைக்குப் போய்விடுகிறார்கள். நாம் அதைச் "சுருக்கம்" என்று அழைப்பதும் இதற்கு ஒரு காரணம் என்று நான் எண்ணுகிறேன். எல்லாப் பகுதிகளையும் சம அளவில் சுருட்டி வைப்பது என்ற எண்ணத்தை அந்தச் சொல் தந்துவிடுகிறது. உண்மையில் உங்கள் கண்டுபிடிப்புக்கு அதில் பாதி இடமாவது கிடைக்க வேண்டும். எஸ்இஎம் படம் எடுத்தீர்கள் என்பது உங்கள் முடிவைத் தாங்கி நிற்கும் செய்தியாக இருந்தாலொழிய, சுருக்கத்தில் அதற்கு இடம் தேவையில்லை. அது செய்முறைப் பகுதியில் நிம்மதியாக இருக்கட்டும்.

முடிவைச் சொல்லிவிட்டால் படிக்கமாட்டார்கள் என்ற அச்சம் கதை எழுதுவோருக்குப் பொருந்தும். ஆய்வுக்கட்டுரையைத் தேடி வருபவர் ஏற்கெனவே ஒரு கேள்வியோடு வருகிறார். அந்தக் கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது என்று தெரிந்தால்தான், அந்த விடையை நம்பலாமா என்று பார்க்க உள்ளே நுழைகிறார். அதோடு, கட்டணம் செலுத்தினால் மட்டுமே முழுக் கட்டுரையும் திறக்கும் இதழ்கள் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றின் வாசகர்களில் பெரும்பாலோருக்கு உங்கள் ஆய்வு என்பதே அந்தச் சுருக்கம்தான். விடையை உள்ளே பூட்டிவைத்தால் அவர்கள் வேறு கட்டுரையைத் தேடிப் போய்விடுவார்கள்.

எழுதும் முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்திலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் கண்டுபிடிப்பை எண்ணோடும் நிபந்தனையோடும் சொல்லும் ஒரே வாக்கியத்தை முதலில் எழுதுங்கள். பிறகு, அந்த வாக்கியம் ஏன் முக்கியம் என்று புரிவதற்கு வாசகருக்கு முன்கூட்டி என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். அதற்கான விடையே உங்கள் பின்னணி வாக்கியம். உங்கள் வாசகருக்கு நீர் உயிர்வாழ்வின் அடிப்படை என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இத்தகைய கரிகளில் இதுவரை எது இயலாமல் இருந்தது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நேச்சர் இதழ் தன் ஆசிரியர்களுக்குத் தரும் வழிகாட்டியில், எத்துறை அறிவியலாளருக்கும் விளங்கும் ஓரிரு வாக்கியங்களில் தொடங்கி, சிக்கலை ஒரே வாக்கியத்தில் நிறுத்தி, உடனே "ஹியர் வீ ஷோ" (இங்கே நாங்கள் காட்டுவது) என்று முதன்மை முடிவுக்கு வரச் சொல்கிறது. எல்லா இதழுக்கும் அந்த அமைப்பு அப்படியே பொருந்தாது என்றாலும், பின்னணி எங்கே முடிகிறது, உங்கள் பங்களிப்பு எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது எங்கும் பொருந்தும்.

"புதுமையான" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். மருத்துவ ஆய்வுக்கட்டுரைகளைத் திரட்டித் தரும் பப்மெட் தரவுத்தளத்தின் தலைப்புகளையும் சுருக்கங்களையும் ஆராய்ந்து 2015இல் பிஎம்ஜே இதழில் வந்த ஆய்வு ஒன்று, "நாவல்" (புதுமையான), "ரொபஸ்ட்" (உறுதியான), "இன்னொவேட்டிவ்" (புத்தாக்கமான) போன்ற புகழ்ச்சொற்கள் இடம்பெறும் கட்டுரைகளின் பங்கு 1974-80 காலத்தில் 2.0 விழுக்காடாக இருந்து, 2014இல் 17.5 விழுக்காடாக உயர்ந்துவிட்டதாகக் காட்டியது. இத்தனை பேர் சொல்லிவிட்ட பிறகு அந்தச் சொல்லுக்கு எடை ஏதும் எஞ்சவில்லை. "மலிவான" என்பதும் அப்படியே: கட்டுரைக்குள் செலவைக் கணக்கிட்டிருந்தால் அந்த எண்ணைத் தாருங்கள், கணக்கிடவில்லை என்றால் அந்த உரிமையைக் கோராதீர்கள்.

எஸ்இஎம் போன்ற எழுத்துக் குறுக்கங்களையும் குறையுங்கள். 1950 முதல் 2019 வரையிலான ஏறத்தாழ 1.8 கோடி சுருக்கங்களையும் 2.4 கோடி தலைப்புகளையும் அலசிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. அவற்றில் தென்பட்ட பதினொரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குறுக்கங்களில் 79 விழுக்காடு, மொத்தத் தொகுப்பிலும் பத்து முறைக்கும் குறைவாகவே வந்திருந்தன. அதாவது, ஆசிரியர்கள் தமக்காக உண்டாக்கிக்கொண்ட அந்தக் குறுக்கங்கள் வாசகர்களிடையே வேரூன்றவே இல்லை.

நீள வரம்பு இதழுக்கு இதழ் வேறுபடும்: சயின்ஸ் 125 சொற்கள், ஐஇஇஇ இதழ்கள் 150 முதல் 250 வரை, பிளாஸ் ஒன் 300 வரை. அனுப்பும் இதழின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். உங்கள் ஆய்வு உண்மையில் என்ன கண்டது என்பதை இங்கே எழுதுங்கள். அதைக் கொண்டு மேலே பேசலாம்.


கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. "வேறொருவரின் கட்டுரைக்குப் பெயர்த்து ஒட்ட முடியுமா" என்ற சோதனையை என் வரைவின் மேல் நடத்திப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடி ஒன்பது வாக்கியங்களும் பெயர்ந்து வந்துவிட்டன.

நாங்கள் கண்டது இதுதான். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்த நீரை இந்தக் கரி 1.2 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தது. காரக் கரைசலால் கழுவி ஐந்து முறை மீட்டுப் பயன்படுத்திய பிறகும் அளவு 1.4 மில்லிகிராம் என்றுதான் இருந்தது. லாந்தனம் ஏற்றாத கரியோ இரண்டாம் முறையிலேயே பயனற்றுப்போனது. பைகார்பனேட் மிகுந்த நீரில் மட்டும் 1.9 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கவில்லை. இந்தக் கடைசிச் செய்தியைக் குறை என்று எண்ணி, நான் சுருக்கத்தில் சேர்க்க நினைக்கவே இல்லை.

புதிய வரைவு: "குடிநீரில் ஃபுளோரைடின் அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியுள்ள நிலையில், அந்த அளவை முதல் பயன்பாட்டில் எட்டும் கரிகள் மீட்டுப் பயன்படுத்தப்படும்போது திறன் இழந்துவிடுவதால், அவ்விழப்பைத் தவிர்க்கும் நோக்கோடு, சிரட்டையிலிருந்து தயாரிக்கப்பட்டு லாந்தனம் ஏற்றப்பட்ட கரியின் ஃபுளோரைடு அகற்றும் திறன் ஐந்து மீட்புச் சுற்றுகளில் ஆராயப்பட்டு, ஐந்தாம் சுற்றின் முடிவிலும் 1.4 மில்லிகிராம் என்ற அளவு பெறப்பட்டது."

செய்தி வந்துவிட்டது என்று நினைக்கிறேன்; ஆனால் இதையே ஆங்கிலத்தில் எழுதியபோது, படித்த நண்பர் மூச்சு முட்டுகிறது என்றார்.


மறுமொழி 2 (மொழியியல் ஆசிரியர்)

உங்கள் நண்பர் சொன்னது சரி. அதற்கான காரணம் உங்கள் தமிழிலேயே இருக்கிறது. உங்கள் தமிழ் வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை. தமிழில் வினைமுற்று இறுதியில் வரும். அதற்கு முன்னால் நோக்கம், காரணம், நிபந்தனை ஆகியவற்றை எச்சங்களால் கோத்துக்கொண்டே போகலாம். கடைசியில் முற்று வந்து அனைத்தையும் கட்டிவிடும். தமிழ் வாசகர் அந்த முற்றுக்காகக் காத்திருக்கப் பழகியவர். ஆங்கில வாசகர் எழுவாயையும் வினையையும் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே எதிர்பார்க்கிறார். அவை கிடைக்கும்வரை படித்த மற்றவற்றை எங்கே பொருத்துவது என்று தெரியாமல் அவர் சுமந்துகொண்டே வரவேண்டியிருக்கிறது. ஐந்து எச்சங்களை அவர் தலையில் ஏற்றிவிட்டு, இறுதியில் "வாஸ் ஸ்டடீட்" (ஆராயப்பட்டது) என்ற வெற்று வினையைத் தந்தால் மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

பெயரெச்ச வரிசையும் இதே சிக்கலைத் தருகிறது. "சிரட்டையிலிருந்து தயாரிக்கப்பட்டு லாந்தனம் ஏற்றப்பட்ட கரி" என்பது தமிழில் இயல்பாக ஓடுகிறது. இதை வரிசை மாறாமல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால், கரியைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் ஆறேழு சொற்கள் அடுக்கி நிற்கும். எந்தச் சொல் எதைத் தழுவுகிறது என்பதைக் காட்டும் வேற்றுமை உருபும் அங்கே இல்லை. பெயரை முன்னே நிறுத்திவிட்டு விளக்கத்தைப் பின்னே தருவது ஆங்கிலத்தின் வழி.

செயப்பாட்டு வினையைப் பற்றியும் ஒரு சொல். "ஆராயப்பட்டது", "கண்டறியப்பட்டது" என்று எழுதினால்தான் அறிவியல் நடை என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. இன்று பல ஆங்கில இதழ்கள் "வீ" என்று தன்மைப் பன்மையில் எழுதுவதை ஏற்கின்றன. அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏபிஏ) நடைவழிகாட்டி அதைப் பரிந்துரைக்கவே செய்கிறது. ஆனால் உங்கள் சுருக்கத்தில் "வீ" என்பதைவிடக் கரியையே எழுவாயாக்குவது நன்று என்பேன். கரி குறைத்தது, கரி தாங்கியது, கரி தோற்றது: செயலைச் செய்த பொருளே வாக்கியத்தின் தலைமையில் நிற்கும்போது நடை தானாக நிமிர்ந்துவிடும்.

வாக்கியத்தின் இறுதி இடத்தை வீணாக்காதீர்கள். ஆங்கில வாசகர் தெரிந்த செய்தியை வாக்கியத்தின் தொடக்கத்திலும், புதிய, எடையுள்ள செய்தியை அதன் முடிவிலும் எதிர்பார்க்கிறார் என்று கோப்பென், ஸ்வான் என்ற இருவர் 1990இல் அறிவியல் எழுத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் விளக்கினார்கள். அதன்படி உங்கள் 1.4 என்ற எண் வாக்கியத்தின் இறுதியில் நிற்க வேண்டும். அடுத்த வாக்கியம் அந்த எண்ணைப் பற்றிக்கொண்டு தொடங்க வேண்டும். இப்படித் தொடுத்தால், "மேலும்", "இதுமட்டுமின்றி" என்பவற்றுக்கு ஈடான ஆங்கில இணைப்புச் சொற்களில் பாதி தேவையற்றுப் போய்விடும்.

வினையின் காலத்தைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். "குறைத்தது" என்று இறந்தகாலத்தில் எழுதினால், எங்கள் சோதனையில் இவ்வாறு நடந்தது என்று பொருள். "குறைக்கிறது" என்று நிகழ்காலத்தில் எழுதினால், எங்கும் எப்போதும் இவ்வாறே நடக்கும் என்று உறுதி கூறுகிறீர்கள். ஆகவே செய்ததையும் அளந்ததையும் இறந்தகாலத்தில் வைத்து, அவற்றிலிருந்து நீங்கள் பொதுவாகக் கூற விரும்பும் கருத்தை மட்டும் நிகழ்காலத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்த ஓரிடத்தில் நிகழ்காலம் என்பது ஒரு பொறுப்பேற்பு.

தமிழில் எழுதிப் பிறகு மாற்றும் பழக்கத்தை முற்றிலும் கைவிடச் சொல்லமாட்டேன். என்ன கண்டோம் என்பதைத் தமிழில் ஒருவருக்கு வாயால் சொல்லிப் பாருங்கள்; சிந்தனை தெளிவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அந்தத் தமிழ் வாக்கியத்தை மேசையில் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்காதீர்கள். அதை மூடிவைத்துவிட்டு, சொன்ன செய்தியை ஆங்கிலத்தில் புதிதாகச் சொல்லுங்கள்.

இறுதியாக, நூலுக்கு முன் வைக்கும் பாயிரம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று நன்னூல் எட்டுச் செய்திகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய மூன்றும் இன்றைய சுருக்கத்துக்கும் அப்படியே பொருந்துகின்றன. அதே நூல் கூறும் பத்துக் குற்றங்களில் இரண்டை உங்கள் முதல் வரைவில் காண்கிறேன்: நீரின் சிறப்பைப் பேசத் தொடங்கியது மற்றொன்று விரித்தல், "பயன்படக்கூடும்" என்று வலுவிழந்து முடிந்தது சென்று தேய்ந்து இறுதல். என் மாணவர்களின் ஆங்கிலச் சுருக்கங்களைத் திருத்தும்போதும் ஓரத்தில் நான் இந்தப் பெயர்களைத்தான் எழுதுகிறேன். என்ன குறை என்பது அவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடுகிறது.


மறுமொழி 3 (மருத்துவ ஆய்வாளர்)

மேலே இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் எவரும் இன்னும் தொடாத ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: பைகார்பனேட் மிகுந்த நீரில் உங்கள் கரி தோற்றது என்பதைச் சுருக்கத்தில் கட்டாயம் சொல்லுங்கள். தெளிவான சுருக்கம் என்பது வாசகரைத் தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லாத சுருக்கமும்கூட.

எங்கள் துறை இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. நேரமில்லாத மருத்துவர் பல வேளைகளில் சுருக்கத்தோடு நின்றுவிடுகிறார். அதனால்தான் நோக்கம், அமைப்பு, பங்கேற்றவர்கள், முடிவுகள் என்று தலைப்பிட்டுப் பிரித்து எழுதும் முறையை ஓர் ஆய்வாளர் குழு 1987இல் முன்மொழிந்தது. அது அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் வெளியாகி, மெல்ல மெல்ல எங்கள் இதழ்களில் நிலைபெற்றது. 2008இல், மருத்துவ ஆய்வுகளை எப்படி அறிக்கையிடுவது என்று வழிகாட்டும் கன்சார்ட் குழுவினர், குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்தும் ஆய்வுகளின் சுருக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தனிப்பட்டியலே வெளியிட்டார்கள். அதில் பக்கவிளைவுகளும் நிதி தந்தவர் யார் என்பதும்கூட இடம்பெறுகின்றன.

இத்தனைக்குப் பிறகும் குறைகள் ஒழியவில்லை. முதன்மை விளைவில் புள்ளியியல் அடிப்படையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணாத 72 ஆய்வுகளைப் பரிசோதித்து 2010இல் ஜாமா இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று, அவற்றுள் 42 ஆய்வுகளின் சுருக்கங்களில் முடிவுரை உண்மையைவிட நல்லதாகத் தோன்றும்படி திரித்து எழுதப்பட்டிருந்ததைக் கண்டது. அவர்கள் எல்லாரும் ஏமாற்ற எண்ணியவர்கள் என்று நான் கருதவில்லை. இடம் குறைவாக இருக்கும்போது, குறையைச் சொல்லும் வாக்கியமே முதலில் வெட்டுப்படுகிறது. நீங்களும் அதைத்தான் செய்தீர்கள்.

முதல் மறுமொழியில் "பயன்படக்கூடும்" என்ற தயக்கத்தைக் குறையாகச் சுட்டியதில் மட்டும் எனக்குச் சிறிது மாறுபாடு உண்டு. தயக்கம் தரவுக்கு ஏற்ற அளவில் இருந்தால் அது நேர்மை. எல்லாவற்றின் மேலும் பொதுவாகத் தெளித்த தயக்கமே பயனற்றது. எந்த நீரில் உறுதியாகச் சொல்லலாம், எந்த நீரில் சொல்ல இயலாது என்று பிரித்துக் கூறிவிட்டால், "கூடும்" என்பதற்கே தேவை இராது. "சிக்னிஃபிகன்ட்" என்ற சொல்லையும் அதே கவனத்தோடு கையாளுங்கள்; புள்ளியியல் பொருளில் சொல்கிறீர்களா, பெரிய வேறுபாடு என்ற பொருளில் சொல்கிறீர்களா என்று வாசகர் ஊகிக்கும்படி விடாமல், வேறுபாட்டின் அளவையே தந்துவிடுங்கள்.

மற்றொன்று, தேடல். பல ஆய்வுகளைத் திரட்டி முறைப்படி மீளாய்வு செய்பவர்கள், ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் படித்துத்தான் முதலில் வடிகட்டுகிறார்கள். எந்த வகை நீர், எந்தச் செறிவு, எத்தனை சுற்று என்பவை சுருக்கத்தில் இல்லையென்றால் நல்ல ஆய்வும் அந்த வடிகட்டலில் விழுந்துவிடும். உங்கள் துறையினர் தேடும்போது தட்டச்சு செய்யும் சொற்களே உங்கள் சுருக்கத்திலும் இருக்கட்டும். ஒரே பொருளுக்கு அழகுக்காக வெவ்வேறு சொற்களை மாற்றி மாற்றி எழுத வேண்டாம்.

அனுப்புவதற்கு முன், சுருக்கத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் கட்டுரையின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஆறு மருத்துவ இதழ்களை ஆராய்ந்து 1999இல் வெளிவந்த ஆய்வில், கட்டுரையோடு பொருந்தாத தரவையோ கட்டுரையில் இல்லாத தரவையோ கொண்டிருந்த சுருக்கங்கள், இதழைப் பொறுத்து 18 முதல் 68 விழுக்காடு வரை இருந்தன. கட்டுரையைப் பலமுறை திருத்துகிறோம். சுருக்கம் மட்டும் பழைய எண்ணோடு அப்படியே நின்றுவிடுகிறது.


கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இந்த முறை தமிழ் வரைவை மூடிவைத்துவிட்டு நேரடியாக ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் பொருள் இது:

"சிரட்டைக் கரி ஃபுளோரைடை அகற்றும், ஆனால் ஒருமுறை மீட்டுப் பயன்படுத்திய உடனேயே அத்திறனை இழக்கிறது. லாந்தனம் ஏற்றினால் இந்த இழப்பைத் தடுக்க முடியுமா என்று சோதித்தோம். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃபுளோரைடு கொண்ட நீரில், லாந்தனம் ஏற்றிய கரி அந்த அளவை 1.2 மில்லிகிராமுக்குக் குறைத்தது. ஐந்தாம் மீட்புக்குப் பிறகு 1.4 மில்லிகிராமுக்குக் குறைத்தது. இவ்விரு அளவுகளும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவான 1.5 மில்லிகிராமுக்கு உட்பட்டவை. பைகார்பனேட் மிகுந்த நீரில் அளவு 1.9 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கவில்லை. ஆகவே, பைகார்பனேட் குறைந்த நீருக்கு இந்தக் கரியை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம்; மற்ற நீருக்கு முன்சுத்திகரிப்பு தேவைப்படுகிறது."

ஆங்கிலத்தில் இது நூறு சொற்களுக்குச் சற்றே மேல் வருகிறது. இதழ் 250 சொற்கள் வரை இடம் தருகிறது. மீதி இடத்தில் கரியின் பண்புகளைச் சேர்க்கலாமா?


மறுமொழி 1 (வேதிப்பொறியியல் ஆய்வாளர்)

இதைப் படித்தவுடன் உங்கள் கட்டுரையை மதிப்பிட நான் ஒப்புக்கொண்டிருப்பேன். வரம்பு என்பது மேல் எல்லை மட்டுமே. அதை நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. சேர்ப்பதாக இருந்தால் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேருங்கள்: லாந்தனம் ஏன் இழப்பைத் தடுத்தது? மீட்புக்குப் பிறகும் லாந்தனம் கரியிலேயே தங்கியிருந்தது என்று உங்கள் அளவீடுகள் காட்டினால், அதை ஐந்தாம் மீட்பு பற்றிய எண்ணுக்கு அடுத்து வையுங்கள். காரணம் தெரிந்தால், வேறொரு பொருளில் இதைச் செய்துபார்க்க விரும்புபவருக்கும் உங்கள் சுருக்கம் பயன்படும். கடைசி வாக்கியத்தில் "பயன்படுத்தலாம்" என்பதை ஐந்து மீட்புகள் வரை என்று வரையறுத்துவிடுங்கள். ஆறாவதை நீங்கள் சோதிக்கவில்லை.

அட்டவணையோடு ஒப்பிட்டுவிட்டீர்களா?


கேட்டவர்

ஒப்பிட்டேன், ஐயா. பைகார்பனேட் சோதனைக்கு அட்டவணையில் 2.1 என்று இருக்கிறது. சுருக்கத்தில் நான் எழுதிய 1.9, மறுசோதனைக்கு முந்தைய பழைய எண். திருத்திவிட்டேன்; மீட்புக்குப் பின் கரியில் எஞ்சிய லாந்தனத்தின் அளவும் எங்களிடம் இருக்கிறது, அதையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்துவிட்டு வேறோர் இதழுக்கு அனுப்புகிறேன்.